துப்பாக்கி சுடும் மன்றம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடு, கோயில் அன்னதான வரிசை, தேக்கா மார்க்கெட் மீன் கடை என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் "நீங்கதானே அந்தத் துப்பாக்கி அண்ட்டி?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மகள் உயர்நிலை ஒன்றில் துப்பாக்கி சுடுதலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்தாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காத்திருந்த நான் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தேன். பல்கலைக்கழகம் போனதும் அவள் விட்டுவிட்டாள். என்னை அது விடவில்லை. 11 வருடமாக ஏர் பிஸ்டல், அதாவது காற்றுத் துப்பாக்கி, சுடுகிறேன். ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது என்று, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்துவிட்டேன்.

சிங்கப்பூர்ல துப்பாக்கி வச்சிருந்தா தூக்குதானே? நீங்க எப்படி வச்சிருக்கீங்க?

பாதி சரி. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, ஒருவருக்குக் கேடு செய்யும் எண்ணத்தோடு துப்பாக்கியால் சுட்டால் மரண தண்டனை. குண்டு யார் மேலும் படாவிட்டாலும் அதுதான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி.

உரிமத்தோடு, விளையாட்டுக்காக, ஒரு மன்றத்தின் வழியாகச் சுடுவது சட்டத்துக்கு உட்பட்டது. போலீஸ் அனுமதி இல்லாமல் எதுவும் நகராது. "ஆசையா இருக்கு, ஒண்ணு வாங்கி வைக்கலாம்" என்பது இந்த ஊரில் நடக்காத கதை. முதலில் மன்றம், பிறகு பயிற்சி, அப்புறம் காகிதங்கள், எல்லாம் முடிந்துதான் துப்பாக்கி.

காத்துத் துப்பாக்கிதானே ஆன்ட்டி, அது பலூன் சுடுற மாதிரி பொம்மைதானே?

சட்டத்தின் கண்ணில் இல்லை. மேலே சொன்ன அதே சட்டத்தில் ஆயுதம் என்பதன் விளக்கத்திலேயே காற்றுத் துப்பாக்கியும் காற்று பிஸ்டலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வெடிமருந்து இல்லை என்பதால் தண்டனை குறையாது.

நடைமுறையிலும் பொம்மை இல்லை. சின்ன உலோக உருளையில் 200 பார் அழுத்தம் வரை காற்றை அடைத்து, 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டைத் தள்ளுகிறோம். ஊர்த் திருவிழாவில் பலூன் சுட்ட ஞாபகத்தில் வருகிறவர்கள் கையில் எடுத்ததும், அதன் கனத்திலேயே கொஞ்சம் அடங்கிவிடுவார்கள்.

வீட்டுல எங்க வச்சிருப்பீங்க? அலமாரியிலயா? பிள்ளைங்க எடுத்துட்டா?

வீட்டில் இல்லவே இல்லை. என் பிஸ்டல் என் பேரில் இருந்தாலும் அது தூங்குவது ரேஞ்சின், அதாவது சுடும் தளத்தின், ஆயுதக் கிடங்கில். போனதும் கையெழுத்துப் போட்டு வாங்கணும், கிளம்பும்போது கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கணும். என்னுடைய வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பது சுடும்போது போடும் தட்டையான காலணியும் ஒரு குறிப்பேடும்தான்.

முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. காசு போட்டு வாங்கிய பொருளைப் பார்க்க நேரம் பார்த்துப் போக வேண்டியிருக்கிறதே என்று. பிறகுதான் இதில் இருக்கும் லாபம் புரிந்தது. இங்கே யாரும் தனியாகச் சுடுவதில்லை. நீங்கள் சுடும் ஒவ்வொரு ரவையையும் பக்கத்துச் சுடும் பாதையில் நிற்கும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கெட்ட பழக்கம் வேர் பிடிக்கும் முன்னே யாராவது பிடித்துவிடுவார்கள். கீழே வரும் பதில்களில் பாதி இப்படி என் காதைத் திருகிச் சொல்லித் தரப்பட்டவைதான்.

எடுத்தவுடனே சொந்தமா வாங்கணுமா?

வேண்டாம். மன்றத் துப்பாக்கியில் ஆரம்பியுங்கள். போட்டித் தரத்திலான புது ஏர் பிஸ்டல் 2,000 வெள்ளிக்கு மேல் போகும். உங்கள் கை எந்தப் பிடிக்குப் பொருந்தும் என்று தெரியாமல் அவ்வளவு காசைப் போடாதீர்கள். நாலு பேருடைய பிஸ்டலை, அவர்கள் பக்கத்தில் நிற்க, பிடித்துப் பாருங்கள். நான் ஒன்றரை வருடம் கழித்துத்தான் வாங்கினேன், அதுவும் பழையது.

பழையது வாங்கினால் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 10 வருடம்தான் அதற்கு ஆயுள். பளபளவென்று இருக்கிறதே என்று தேதி முடிந்த உருளையோடு வாங்கிவிட்டு, புது உருளைக்குத் தனியாக அழுதவர்கள் எங்கள் மன்றத்திலேயே இரண்டு பேர்.

முதல் நாள் போனா சுட விடுவாங்களா?

விடலாம், ஆனால் கடைசி அரை மணி நேரத்தில். அதற்கு முன் சொல்லித் தருவதெல்லாம் சுடாமல் இருப்பது எப்படி என்றுதான். எந்தத் துப்பாக்கியையும் ரவை ஏற்றியதாகவே நினை. குழல் எப்போதும் இலக்குப் பக்கம்தான். சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்.

அடுத்து அந்த ஆரஞ்சு நரம்பு. பாதுகாப்புக் கொடி என்று பெயர், பார்க்கப் புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு மாதிரி இருக்கும். துப்பாக்கி கையில் இல்லாத நேரமெல்லாம் அது குழலுக்குள் நுழைந்து இரண்டு பக்கமும் வெளியே தெரிய வேண்டும். தெரிந்தால் உள்ளே ரவை இல்லை என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் புரியும். என் முதல் மாதத்தில் கொடியைப் போடாமல் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். யாரும் கத்தவில்லை. பக்கத்துப் பாதையில் இருந்த எழுபது வயதுச் சீனத் தாத்தா தன் பிஸ்டலைக் கீழே வைத்து, கொடி போட்டு, என் மேசைக்கு வந்து விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் மறந்ததே இல்லை.

இன்னொன்று: பெல்லட் ஈயம். சுட்ட கையோடு கறி பஃப் எடுத்துச் சாப்பிடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

என் பையன் என்எஸ்ல மார்க்ஸ்மேன். கிளப்ல சேர்ந்தா நேரா போட்டிக்குப் போயிடலாம்தானே?

சேரட்டும், நல்லது. ஆனால் தேசிய சேவையில் பழகியது வேறு. ராணுவத்தில் 5.56 மில்லிமீட்டர் சார் 21 ரைஃபிளைத் தோளில் அணைத்து, ஆள் உருவத்தைச் சுடுவார்கள். இங்கே ஏர் ரைஃபிளில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். 10 மீட்டர் தூரத்தில் ஒரு முற்றுப்புள்ளி. பிஸ்டலுக்குக் கொஞ்சம் கருணை, 11.5 மில்லிமீட்டர், ஆனால் ஒரே கையால் பிடிக்கணும்.

என்எஸ் பையன்களிடம் ஒன்று எனக்குப் பிடிக்கும். ரேஞ்ச் முடிந்ததும் வரிசையில் நின்று, சுடாத தோட்டாவோ சுட்ட தோட்டாவின் காலிக் கூடோ என்னிடம் இல்லை என்று உரக்கச் சொல்லிப் பழகியிருப்பார்கள். பொருளைக் கணக்கு ஒப்படைக்கும் அந்தப் புத்தி வந்தவர்களுக்கு மன்றத்து ஒழுங்கு சுமையாகத் தெரிவதில்லை. வேகத்தைத்தான் மறக்க வேண்டும். 60 ரவைக்கு 75 நிமிடம் கொடுக்கிறார்கள். முதல் இருபதை விறுவிறுவென்று முடித்துவிட்டு, பிறகு கை நடுங்கி நிற்கும் பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

குறி பார்க்கிறதுன்னா அந்தக் கறுப்பு வட்டத்தை நல்லா உத்துப் பார்க்கணும், அவ்வளவுதானே?

எல்லோரும் இப்படித்தான் நினைத்து வருகிறார்கள், நானும் அப்படித்தான். உற்றுப் பார்க்க வேண்டியது துப்பாக்கியின் முனையில் நிற்கும் முன் குறியை. கறுப்பு வட்டம் மங்கலாகத்தான் தெரிய வேண்டும். தெளிவாகத் தெரிந்தால் நீங்கள் தப்பாகப் பார்க்கிறீர்கள்.

காரணம் எளிய கணக்கு. முன் குறிக்கும், துப்பாக்கியின் பின்பக்கம் பிளவோடு இருக்கும் பின் குறிக்கும் நடுவே ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் இலக்கிலும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும், 10 புள்ளி கைநழுவாது. ஆனால் மணிக்கட்டு கோணி, முன் குறி மட்டும் பின் குறியின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் அது 30 மில்லிமீட்டர். நேராக ஏழுக்குப் போய்விடும். ஆகவே கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எல்லோருக்கும் ஆடும். இரண்டு குறியும் சமமாக இருக்கின்றனவா, இரு பக்கமும் வெளிச்சம் ஒரே அளவில் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு பள்ளி மாணவி. பயிற்றுநர் ஆறு மாதமாகச் சொன்னதுதான். அவள் ஒரு காகிதத்தில் முன் குறியையும் பின் குறியையும் வரைந்து, ரப்பரால் அழித்து அழித்து நகர்த்திக் காட்டியபோதுதான் மண்டையில் ஏறியது.

யூடியூப்ல எல்லாம் இருக்கே. இதுக்கு எதுக்கு நாலு பேர் கூட?

வீடியோ உங்களைப் பார்க்காதே! நீங்கள் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுகிறீர்களா என்று உங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியவில்லை, இரண்டு வருடம். பக்கத்தில் நின்றவர் ஒருநாள் என்னிடம் சொல்லாமல் ரவையில்லாத பிஸ்டலைக் கையில் கொடுத்தார். நான் இழுத்தேன். வெடிக்காத துப்பாக்கி என் கையில் துள்ளியது. துள்ளியது துப்பாக்கி அல்ல, நான். அன்றைக்கு வந்த வெட்கம் இருக்கிறதே!

அன்றிலிருந்து வெற்றுச் சுடுதல்தான் என் பயிற்சியில் பாதி. ரவை இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து, விசையை மட்டும் இழுப்பது. சலிப்பான வேலை. ஆனால் வட்டம் இல்லாததால் மதிப்பெண் ஆசையும் இல்லை, தப்பு பளிச்சென்று தெரியும்.

மன்றத்தில் கற்ற இன்னொரு பழக்கம், சுட்டதும் மதிப்பெண் காட்டும் திரையைப் பார்க்கும் முன்னே எங்கே போயிருக்கும் என்று சொல்லிவிடுவது. "ஒன்பது, இடப்பக்கம் கீழே." பிறகு திரையைப் பார். சரியாகச் சொன்ன எட்டு, காரணம் தெரியாத பத்தைவிட நல்ல சுடு. எங்கள் சனிக்கிழமைக் குழுவில் சொல்லாமல் திரையைப் பார்த்தால் எல்லோருக்கும் கோப்பி வாங்கித் தரணும். நான் நிறைய வாங்கித் தந்திருக்கிறேன்.

ஆளுக்கு ஒரு யோசனை சொல்றாங்க. ஒருத்தர் மணிக்கட்டை இறுக்குங்கிறார், ஒருத்தர் தளர்த்துங்கிறார். யார் பேச்சைக் கேக்கிறது?

நியாயமான புலம்பல். என் வழி இது: சொல்கிறவர் எதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று கேளுங்கள். "நீங்க விசை இழுக்கும்போது சுண்டு விரலும் சேர்ந்து இறுகுது" என்று சொல்கிறவர் உங்களைப் பார்த்திருக்கிறார். அவர் 600க்கு 480 சுடுகிறவராக இருந்தாலும் கேளுங்கள். "எல்லாரும் இப்படித்தான் பிடிப்பாங்க" என்கிறவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார், 570 சுட்டாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், நாலு பயிற்சிக்காவது. அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். என் நோட்டில் ஒரே மாதத்தில் பிடியை மூன்று முறையும் நிற்கும் கோணத்தை இரண்டு முறையும் மாற்றிய பக்கம் ஒன்று இருக்கிறது. அந்த மாதம் எது உதவியது, எது கெடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வயசுல பெரியவர், ரொம்ப வருஷம் சுடுறவர், தப்பு செஞ்சா எப்படிச் சொல்றது? மரியாதைக் குறைவா இருக்காதா?

நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டமான பாடம். ஒருமுறை மூத்த உறுப்பினர் ஒருவர், கையில் பிஸ்டலோடு, பேச்சு சுவாரசியத்தில் என் பக்கம் திரும்பிவிட்டார். குழல் என் முழங்கையைக் கடந்து போனது. நான் வாய் திறக்கவில்லை. "அங்கிள்" என்று கூப்பிடும் ஆளை எப்படி அதட்டுவது! மூன்றாவது பாதையிலிருந்து பதினைந்து வயதுப் பெண் "ஸ்டாப்!" என்று கத்தினாள். ரேஞ்ச் முழுக்க நின்றது.

ஆபத்தைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லலாம், சொன்னால் எல்லோரும் நிறுத்தியாக வேண்டும். வயது, பதக்கம் எதுவும் கணக்கில்லை. அந்த மனிதர் குழலை இலக்குப் பக்கம் திருப்பி, ரவையை எடுத்து, கொடி போட்டு, அந்தப் பெண்ணிடம் போய் நன்றி சொன்னார். அவருக்குக் கோபம் வந்திருந்தால்தான் எனக்கு அவர் மேல் மரியாதை குறைந்திருக்கும். இரண்டாவது, நான் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் பயிற்றுநர் விடவில்லை. என்னைத்தான் அவரை விட அதிக நேரம் திட்டினார்.

ஊர்லருந்து வரும்போது தீபாவளி பொட்டு வெடி துப்பாக்கி ஒண்ணு பேரனுக்கு வாங்கிட்டு வரட்டுமா?

வேண்டாங்க. பொம்மைத் துப்பாக்கியே இங்கே கொண்டு வரக் கட்டுப்பாடு உள்ள பொருள், பொட்டு வெடியோ வெடிபொருள். 1972லிருந்து பட்டாசுக்கே தடை உள்ள ஊர் இது. பேரனுக்கு அதிரசம் கொண்டு வாருங்கள்.

அதே மாதிரி, தோட்டா மாட்டிய சாவிக்கொத்து, வெளிநாட்டு ரேஞ்சில் சுட்டுவிட்டு ஞாபகத்துக்கு எடுத்த காலிக் கூடு, "சும்மா பிளாஸ்டிக் குண்டுதான்" என்று இணையத்தில் விற்கும் ஏர்சாஃப்ட், எதையும் பையில் போட்டுக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் இறங்காதீர்கள். சந்தேகம் என்றால் வாங்கும் முன்னே போலீஸிடம் கேளுங்கள்.

ஆயுத பூஜைக்கு பிஸ்டலுக்குப் பொட்டு வைப்பீங்களா?

இதை நக்கலாகக் கேட்பவர்களும் உண்டு, நிஜமாகவே கேட்பவர்களும் உண்டு. பிஸ்டல் வீட்டுக்கு வராது என்று மேலேயே சொல்லிவிட்டேன். சாமி படத்துக்கு முன்னால் நான் வைப்பது குறிப்பேடும் காலணியும். கிடங்கில் போய்ச் சந்தனம் வைக்கலாமே என்று அம்மா கேட்டார். இந்த ஊர் ஈரப்பதத்தில் ஒரு நாள் விரல் ரேகை பட்டாலே இரும்பு துரு பிடிக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதுதான் அதற்குப் பூஜை என்று சொல்லிவிட்டேன். அம்மா சமாதானம் ஆகவில்லை.

எனக்கு வயசு 52, படிக்கிற கண்ணாடி போட்டிருக்கேன். இனிமே முடியுமா?

முடியும். முன் குறி ஏறத்தாழ கை நீட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் இருக்கிறது. அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி எழுதித் தரச் சொல்லுங்கள். தூரப் பார்வையும் படிக்கிற பார்வையும் சேர்ந்த கண்ணாடியோடு மல்லுக்கட்டாதீர்கள், தலை கொஞ்சம் சாய்ந்தாலும் குறி மங்கிவிடும். எங்கள் குழுவில் ஐம்பதுக்கு மேல் ஆரம்பித்தவர்கள் நாலு பேர்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன். கை நடுங்காம இருக்க அது உதவும்னு சொல்றாங்களே?

அதனால்தான் தடை. அட்டெனொலால், பிசோப்ரொலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைத்து நடுக்கத்தை அடக்கும். துப்பாக்கி சுடுதலில் அவை போட்டி நாளில் மட்டுமல்ல, மற்ற நாளிலும் தடை செய்யப்பட்டவை. எல்லா இரத்த அழுத்த மாத்திரையும் இந்த வகை இல்லை. உங்களுடையது எது என்று டாக்டரிடம் கேளுங்கள். போட்டிக்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். போட்டி போகட்டும், சனிக்கிழமை எங்களோடு சுட வருவதற்கு மன்றத்திடம் பேசிக்கொள்ளலாம்.

மனசு சரியில்லாத நாள், தூங்காத நாள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாள் ஆகியவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். "இன்னிக்கு நான் சுடல" என்று சொன்னால் எங்கள் குழுவில் காரணம் கேட்க மாட்டார்கள். கோப்பி வாங்கித் தந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்கள்.

நம்ம ஆளுங்க யாராவது பெரிசா வந்திருக்காங்களா?

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக ஏர் ரைஃபிள் சுட்டார். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸில் பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில் இறங்கினார். சிங்கப்பூருக்கு ஜாஸ்மின் செர், தியோ ஷுன் ஷீ, மார்ட்டினா வெலோசோ என்று காமன்வெல்த் தங்கம் கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் பெண்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கி" என்று கேட்கும் அத்தைமார்களிடம் வெலோசோ 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் இரண்டு தங்கம் வாங்கியதைச் சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பிரயோஜனம்? திருடன் வந்தா சுடவா முடியும்?

முடியாது. துப்பாக்கி கிடங்கில், நான் ஈஷூன் வீட்டில். தற்காப்புக்காக என்று நினைத்துச் சேர வருகிறவர்களை எங்கள் பயிற்றுநர் முதல் பேச்சிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

பிரயோஜனம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன சனிக்கிழமை 541 சுட்டேன், என் சிறந்ததை விட 7 குறைவு. ஐம்பத்தி மூன்றாவது ரவையைக் கையைத் தூக்கிக் குறி பார்த்து, சரியில்லை என்று தோன்றவே சுடாமல் இறக்கி வைத்தேன். திரும்பத் தூக்கினேன், திரும்ப இறக்கினேன். மூன்றாவது தடவை சுட்டு, "பத்து, கொஞ்சம் வலப்பக்கம்" என்றேன். திரையில் அப்படியே இருந்தது. பக்கத்துப் பாதைத் தாத்தா என் பக்கம் திரும்பாமலே மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.